சொல்லாமல் விட்ட ஒன்பது வாரங்கள்

ஆதிரா,

பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. அந்த நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். ஏனென்றால் அதை நானே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். தி. நகரில் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. நான் கூண்டின் மேல் நின்றுகொண்டு கதவுப் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "சார், உங்க ஆபீஸ்லேர்ந்து கடை நம்பருக்குக் கூப்பிட்டாங்க. உங்க வீட்டம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம்" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே ஏதோ தெரிந்தது. "உயிர் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லன்னுதான் சார் சொன்னாங்க" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூட்டை மாட்டினேன். லிஃப்டை இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். பராமரிப்புப் புத்தகத்தில் நேரம் போட்டு, "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு படிக்கட்டில் இறங்கினேன். அந்த மனிதர் என் பின்னாலேயே தரைத்தளம் வரை வந்து, ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். அவர் பெயரை நான் கேட்கவில்லை.

உன் அம்மா காலையில் வேலைக்குப் போகும் வழியில், அடையாறு பாலத்தைத் தாண்டும்போது, தலை ரொம்ப வலிக்கிறது என்று ஆட்டோ டிரைவரிடம் சொல்லியிருக்கிறாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. டிரைவர் உடனே வண்டியைத் திருப்பினார், டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். யார் மேலும் தப்பில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்கு முப்பத்தைந்து, உனக்கு ஐந்து முடிந்து இரண்டு மாதம். இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது அவளுடைய வயதை நெருங்கியிருப்பாய். கல்யாணமோ வெளியூர் வேலையோ ஏதோ ஒன்று உன்னை இந்த வீட்டிலிருந்து கிளப்பும் நாளில் இதைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் எழுத வேண்டியது இன்றைக்கு. நாள் போனால், நடந்ததை எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லிவிடுவேன். அதற்கு முன் நான் செய்த தப்பை எழுதிவிட வேண்டும்.

அன்றைக்கு மாலை லஸ்ஸில் உன் ஸ்கூல் வாசலுக்கு நான் வந்தேன். மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத்தை ஒட்டி, வாட்டர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாய். "அம்மா எங்க?" என்றாய். நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. "மியூசியத்துல வேலைடா. வர லேட்டாகும்" என்றேன். அந்த வாரமெல்லாம் உன் அம்மா தினம் சொன்ன வார்த்தைதான் அது. வாயில் தானாக வந்தது. உன்னை ராயப்பேட்டையில் பெரியம்மா வீட்டில் விட்டேன். பெரியம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "தம்பி, குழந்தைக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேணாம். காரியமெல்லாம் முடியட்டும். அது தாங்காது" என்றாள். தாங்காதது நீ அல்ல, நாங்கள்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. யாராவது ஒரு வழி சொன்னால் அதில் நடக்கும் நிலையில் இருந்தேன். சரி என்றேன்.

பதினாறு நாள் கழித்து உன்னை மயிலாப்பூரில் நம் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, பொய் வளர்ந்து ஒரு முழு ஏற்பாடாகிவிட்டிருந்தது. அம்மா மியூசியத்தில் குழந்தைகளுக்காக ஒரு புது அறை கட்டுகிறாள், அது முடியும் வரை வர முடியாது, அங்கேயே தங்க வேண்டும். நான் டெக்னிகல் ஆள். ஒரு சிஸ்டத்தில் ஒரு இடத்தில் தவறான ஒயரைக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லா இடத்திலும் அதற்கு ஏற்ற மாதிரி ஒயர் மாற்றிக்கொண்டே போக வேண்டும். அப்படித்தான் போனேன். வீட்டில் அவள் படத்துக்கு மாலை போடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைக் கீழே கேட் பக்கத்திலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். நீ தினம் ஒரு படம் வரைந்து, "அம்மாகிட்ட குடு" என்று என்னிடம் தருவாய். நான் அதை டூல்ஸ் பையில் வைத்துக்கொள்வேன். சாயங்காலம் வந்ததும், "அம்மா என்ன சொன்னாங்க?" என்பாய். "யானை சூப்பரா இருக்காம். தும்பிக்கைதான் கொஞ்சம் குட்டையாம்" என்பேன். மறுநாள் தும்பிக்கை நீளமாக வரும்.

அந்த அறை மட்டும் நிஜம். அடையாறில் ஒரு பழைய பங்களாவில் இருக்கும் சின்ன மியூசியம் அது. வீட்டுச் சாமான்களுக்கென்றே ஏற்பட்டது. பித்தளைப் பாத்திரம், பூட்டு, தராசு, விளக்கு. உன் அம்மாவின் வேலை, நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகள் அங்கே வந்தால் என்ன செய்வார்கள் என்று திட்டம் போடுவது. அதற்கு முன்னால் அங்கே வந்த ஸ்கூல் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, வாயில் விரல் வைக்கச் சொல்லி, நாற்பது கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டிக் கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். உன் அம்மா செய்த முதல் வேலை, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அந்தக் கூடம் முழுக்கத் தவழ்ந்தது. அவள் வீட்டுக்கு வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறது: "அந்த உயரத்துலேர்ந்து பாத்தா மியூசியத்துல டேபிள் காலும் ட்யூப்லைட்டும்தான்யா தெரியுது." அதன்பிறகு எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். நாற்பது பெட்டிக்குப் பதிலாக மூன்றே சாமான்: ஒரு அடுக்கு கேரியர், ஒரு மாங்காய்ப் பூட்டு, அரிசி அளக்கும் ஒரு படி. மூன்றையும் குழந்தைகள் கையில் எடுக்கலாம், தூக்கலாம், திறந்து மோந்து பார்க்கலாம். நிகழ்ச்சிக்கு அவள் வைத்த பெயர் "இது யாரோட சாமான்?"

அவள் போய் மூன்றாவது வாரம் ஃபரீதா வீட்டுக்கு வந்தாள். அம்மாவோடு அதே அறையில் வேலை பார்த்தவள். அவள் வரும்போது நீ ஸ்கூலில் இருந்தாய். பையிலிருந்து அம்மாவின் நோட்டை எடுத்து மேசை மேல் வைத்து, "அண்ணா, மியூசியத்துல ரூமை விட்டுடலாமான்னு கேக்கறாங்க. நான் விட மாட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா எனக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகணும்னுகூடத் தெரியாது. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்றாள். நான் போனதற்குக் காரணம் பாசமோ கடமையோ என்று நீ நினைக்க வேண்டாம். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை, அழுகை வரவில்லை. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் மட்டும் கை என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது. தினம் மதியம் இரண்டு மணி நேரம் அங்கே போனேன். இன்னொரு காரணமும் உண்டு. "இன்னிக்கு ரூம் எவ்வளவு முடிஞ்சுது?" என்று நீ கேட்கும்போது, பொய் அல்லாத ஒரு வாக்கியத்தையாவது என்னால் சொல்ல முடிந்தது.

அந்த நோட்டை நான் ஒரு மெஷின் மேனுவல் மாதிரி படித்தேன். அலமாரி உயரம், மேசையின் முனை மழுங்கியிருக்க வேண்டும், தரையில் எந்தப் பாய் வழுக்காது, இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாத வரிகளும் இருந்தன. "கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணு. குழந்தை யோசிக்கிற இடத்துல நீ பேசாதே." "சாமானோட பேரை முதல்ல சொல்லாதே. பேர் தெரிஞ்சதும் பாக்கறதை நிறுத்திடுவாங்க." இது எனக்குக் குறைபாடாகப் பட்டது. சரியான பதிலை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஆகவே நானாக ஒன்று சேர்த்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று பட்டன். சரியான பதிலை அமுக்கினால் பச்சை விளக்கு, தப்பானால் சிவப்பு. நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். சாலிடரிங் நல்ல நேர்த்தி. அவளுக்குப் பிடித்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

ஒத்திகைக்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பால்வாடியின் குழந்தைகள் பத்துப் பேர் வந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தது ஏசுதாஸ், மியூசியத்தில் அட்டெண்டர், அதே பக்கத்து ஆள். பத்துப் பேரும் நேராகப் பட்டன்களுக்குப் போனார்கள். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. இரண்டு பேருக்குச் சண்டை வந்து ஒருவன் கடித்துவிட்டான். கேரியரை ஒரு குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏசுதாஸ் என் பக்கத்தில் வந்து நின்று, "சார், தப்பா நெனச்சுக்காத. நீ லிஃப்ட் பட்டனே வச்சுட்ட சார். அதுங்க இன்னா பண்ணும்? மேல போவுதா கீழ போவுதான்னு பாத்துக்கினு கீதுங்க" என்றார். ஃபரீதா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள். நானும் சிரித்தேன். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்து முடித்ததும் அந்தச் சின்ன மேசை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏசுதாஸ் போய் டீ வாங்கி வந்தார். அன்று மாலையே பட்டன்களைக் கழற்றினேன். உனக்கு நான் சொல்ல நினைப்பதில் இதுவும் ஒன்று. உனக்கு நன்றாகத் தெரிந்த வேலையை எல்லா இடத்திலும் கொண்டுபோய் மாட்டாதே. அது உன் கைக்கு ஆறுதல். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பது வேறு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருந்தேன். நோட்டில் நிகழ்ச்சியின் கடைசிக் கேள்வியாக உன் அம்மா எழுதியிருந்தது: "இதை வச்சிருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க?" அதைத் திட்டத்தாளில் நான் அடித்துவிட்டேன். ஃபரீதா கேட்டபோது, "ஐஞ்சு வயசுப் பசங்களுக்கு இது ரொம்ப ஜாஸ்தி" என்றேன். அவள் நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "அண்ணா, ரேவதி இதை மூணு தடவை அடிச்சு மூணு தடவை திரும்ப எழுதியிருக்கா. பக்கத்துல என்ன எழுதியிருக்கான்னு பாத்தீங்களா?" நான் பார்த்திருந்தேன். "குழந்தை 'செத்துட்டாங்க'ன்னு சொன்னா திருத்தாதே. பேச்சை மாத்தாதே. 'ஆமா'ன்னு சொல்லு." ஃபரீதாவுக்கு உன் விஷயம் தெரியும். "பாப்பாகிட்ட இன்னும் சொல்லலையா?" என்றாள். "ரூம் முடியட்டும்" என்றேன். "முடிஞ்சு திறக்கற அன்னிக்கு அவ கிளம்பி நிப்பா அண்ணா. அம்மாவைப் பாக்க. அப்ப என்ன பண்ணுவீங்க?" அவள் மனசுக்குள் பத்து எண்ணியிருப்பாள். பிறகு தாளை வாங்கி, நான் அடித்த கேள்வியைத் தன் கையெழுத்தில் திரும்ப எழுதினாள்.

இரண்டாவது ஒத்திகையில் நான் கதவோரம் நின்றேன். ஃபரீதா தரையில் உட்கார்ந்து, கேரியரை நடுவில் வைத்து, ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகள் அதைத் திறந்தார்கள், அடுக்கினார்கள், ஒருவன் தொப்பியாகப் போட்டுக்கொண்டான். யார் இதில் சாப்பிட்டிருப்பார்கள் என்று பேச்சு வந்தது. கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஏழுக்கு வரும்போது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், "செத்துட்டிருப்பாங்க" என்றது. ஃபரீதா "ஆமா" என்றாள். "எங்க நைனாகூட செத்துட்டாரு. கடல்ல. அவரு டார்ச்சு வூட்ல கீது. பேட்டரி போட்டா எரியும்." பக்கத்திலிருந்தவன், "எனக்குத் தரியா?" என்றான். "தரமாட்டேன். அது எங்க நைனாது." "ஒரு வாட்டி அடிச்சுப் பாத்துட்டுத் தரேன்." "சரி, வூட்டுக்கு வா. ஆனா நான்தான் புடிச்சுப்பேன்." அவ்வளவுதான். அடுத்து பூட்டுக்குப் போய்விட்டார்கள். நான் வெளியே வந்து பைக் பக்கத்தில் நின்று அழுதேன். ஒன்பது வாரத்தில் முதல் தடவை. உன்னை விடச் சின்னப் பெண், ஆதிரா. தன் அப்பா எங்கே என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவருடைய டார்ச் அவளுடையதாக இருந்தது. உன்னிடம் நான் எதையும் அப்படி விட்டுவைக்கவில்லை.

நேற்று சனிக்கிழமை. இன்றைக்குத் திறப்பு. நேற்றுக் காலையில் நீ எழுந்ததும் மஞ்சள் கவுனை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்தாய். "நாளைக்கு அம்மா நம்ம கூடவே வீட்டுக்கு வந்துடுவாங்கல்ல?" என்றாய். நான் தரையில் உட்கார்ந்தேன். உன் கண் என் கண்ணுக்கு நேராக வந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல நிறைய வார்த்தை இருந்தது. சாமியிடம் போய்விட்டாள், நட்சத்திரமாகிவிட்டாள் என்றெல்லாம் ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "அம்மா செத்துட்டாங்கடா" என்றேன். நீ என் முகத்தையே பார்த்தாய். நான் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"எப்போ?" என்றாய். "ரொம்ப நாள் ஆச்சு. நான் ஸ்கூலுக்கு உன்ன கூப்பிட வந்தேன்ல, அன்னிக்கு." "அப்ப மியூசியத்துல யாரு இருக்காங்க?" "ஃபரீதா ஆன்ட்டி இருக்காங்க. அம்மா அங்க இல்ல. அப்பா பொய் சொன்னேன்." "என் டிராயிங்லாம்?" "என் டூல்ஸ் பையில இருக்கு." "அப்ப யானை நல்லா இருக்குன்னு யாரு சொன்னது?" "நான்தான்." "தும்பிக்கை குட்டைன்னு?" "அதுவும் நான்தான்." அப்போதுதான் உன் முகம் மாறியது. "பெரியம்மாகிட்ட சொல்லுவேன், நீ பொய் சொன்னேன்னு." "பெரியம்மாவுக்குத் தெரியும்டா." "எங்க மிஸ்ஸுக்கு?" "தெரியும்." "கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு?" நான் தலையாட்டினேன். நீ எழுந்து நின்றாய். "எல்லாருக்கும் தெரியுமா? எனக்கு மட்டுந்தான் தெரியாதா? என் அம்மாதானே?"

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இருபது வருடம் கழித்தும் என்னிடம் பதில் இருக்கும் என்று தோன்றவில்லை. நீ என்னை அடித்தாய். தோளில், காதில், இரண்டு கையாலும். அடிக்க விட்டேன். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். நானும் தரையில் படுத்தேன். மதியம் ஆனதும் கீழேயிருந்து, "பசிக்குது" என்று குரல் வந்தது. தயிர்சாதம் பிசைந்து உள்ளே தள்ளினேன், வாங்கிக்கொண்டாய். மாலையில் வெளியே வந்து, என் டூல்ஸ் பையைத் திறந்து, படங்களை எல்லாம் எடுத்து உன் ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டாய். நாற்பத்தி மூன்று படம். உன்னுடையதை நீ எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

நீ பெரியவளாகும்போது உன்னிடமும் யாராவது வந்து, அவங்க தாங்க மாட்டாங்க, சொல்லாதே என்பார்கள். யார் தாங்க மாட்டார்கள் என்று முதலில் பார். ஒருவரைப் பற்றிய மிகப் பெரிய விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்து அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால், அவரை நாம் காப்பாற்றவில்லை, வெளியே நிறுத்தியிருக்கிறோம். உன் அம்மா மூன்று தடவை அடித்து மூன்று தடவை எழுதியது இதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவளுக்கும் அது சுலபமாக இருந்திருக்காது. என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் வைத்துக்கொள். அதை நான் கழற்றிச் சரிசெய்ய வர மாட்டேன்.

இன்றைக்குக் காலையில் மஞ்சள் கவுனை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "நான் மியூசியத்துக்கு வரல" என்றாய். "சரி" என்றேன். "நீ போவியா?" என்றாய். லைட்டுகளைச் சரிபார்க்கப் பத்து மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும். ஃபரீதா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், பெரியம்மா போனில் வரட்டுமா என்கிறாள், மியூசியம் ஆபீஸிலிருந்து ஒருவர் பூ வாங்கியாச்சு என்கிறார். "போகல" என்றேன். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு அன்னிக்கு என்ன ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லு. எதையும் விடாத" என்றாய். சொன்னேன். ஆட்டோ என்ன கலர் என்று கேட்டாய். வலித்ததா என்று கேட்டாய். நான் ஏன் அழவில்லை என்று கேட்டாய். முடித்ததும், "திரும்பச் சொல்லு" என்றாய். இரண்டாவது தடவை சொல்லி முடித்துவிட்டேன். நீ தண்ணீர் குடிக்கப் போயிருக்கிற இந்த நேரத்தில்தான் கடைசி வரிகளை எழுதுகிறேன். டம்ளரோடு வந்துகொண்டிருக்கிறாய், உன் முகத்தைப் பார்த்தால் மூன்றாவது தடவையும் கேட்பாய் போலிருக்கிறது. போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டேன்.